சுந்தரவல்லிக்கு என்ன நோய்?

டாலிகஞ்ச், கொல்கத்தா
18.6.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

வசுந்தரா எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் மகள் சாய்பிரியாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுத வந்து பேனா நின்றுவிட்டது. உங்கள் உடம்பு எப்படி? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? பூங்கோதைக்கு வந்த பொள்ளாச்சி வரன் என்ன ஆயிற்று?

இந்தக் காலத்தில் கடிதமா என்று அண்ணி சிரிப்பார்கள். மில் இரைச்சலில் போன உங்கள் காதுக்குக் கேட்க வேண்டுமானால் நான் போனில் கத்த வேண்டும். இரண்டு அறை வீட்டில் கத்தினால் சாய்பிரியா காதில் விழும். விஷயமே அவளைப் பற்றியது.

மார்ச்சில் அவளுக்கு வயிற்று வலி வந்து குடல்வால் ஆபரேஷன் செய்தோமே, அந்த வலி இன்னும் போகவில்லை. ஏப்ரலில் வந்தது, மேயில் வந்தது, இப்போது மறுபடியும். வந்தால் நான்கு நாள், ஐந்து நாள். உடம்பைக் குறுக்கிச் சுருண்டு படுத்துக்கொண்டு தலையணையைக் கடிக்கிறாள். வாந்தி. வயிறு போவதில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ரத்தம் எத்தனை பாட்டில் எடுத்தார்களோ. எல்லாமே நார்மல். ஒரு டாக்டர் அல்சர் என்றார், இன்னொருவர் குடல் எரிச்சல் என்றார். மூன்றாமவர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, "ஆபீசில் ஏதாவது பிரச்சினையா, லவ் ஏதாவதா?" என்று என்னிடம் கேட்டார். ஆபரேஷன் செய்தவரே, "எடுத்த குடல்வால் நன்றாகத்தான் இருந்தது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்திமூன்று வயதுப் பெண், அண்ணா. வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளை சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டிலிருந்து களைத்து வருகிறார். "ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, இவளுக்கு மட்டும் வலிக்கிறதா?" என்கிறார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பூங்கோதைக்கு அன்பு.

தங்கை,
வசுந்தரா


உடுமலைப்பேட்டை
5.7.2023

அன்புத் தங்கை வசுந்தராவுக்கு இராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது.

கடிதம் வந்தது அம்மிணி. நாங்கள் எல்லோரும் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் ஏற இறங்க இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.

சாய்பிரியா விஷயம் படித்து மனசு சரியில்லை. வயிற்று வலி பெண் பிள்ளைகளுக்கு வருவதுதான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தால் உடம்பு சூடாகும். உன் அண்ணி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஆடி பிறக்கிறது. சாய்பிரியாவை வெள்ளிக்கிழமைதோறும் விரதம் இருக்கச் சொல். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வேண்டாம், விளக்கு வைத்தபின் ஒரு வேளைச் சாப்பாடு. வயிற்றுக்கும் ஓய்வு, அம்மனுக்கும் வேண்டுதல். திருநீறு மடித்து வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சி வரன் கிட்டத்தட்ட முடிவான மாதிரிதான். பையன் பெயர் ஷ்யாம். நார் மில் நடத்துகிற குடும்பம், நல்ல மனிதர்கள். அவர்கள் வீட்டில் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். அதனால் சாய்பிரியா உடம்பைப் பற்றி இந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யாருக்கும் எழுத வேண்டாம்.

மழைக்காலம். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அண்ணன்,
இராஜமாணிக்கம்


டாலிகஞ்ச்
8.8.2023

அன்புள்ள அண்ணா,

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் நலம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி மூன்று வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். முதல் வெள்ளிக்கு மறுநாளே வலி. "இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிட்டதே" என்றாள். இரண்டாவது வாரம் வலியோடுதான் இருந்தாள். நான்தான், அம்மனிடம் பாதியில் நிறுத்தக் கூடாது என்று வற்புறுத்தினேன். மூன்றாவது வெள்ளி மாலை விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன், தரையில் கிடக்கிறாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. எதிர் வீட்டு வங்காளிப் பெண் ரீனா ஓடி வந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, டாக்சி பிடித்தார். மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் பாலிகஞ்ச் நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டோம்.

உடம்பில் உப்பு ரொம்பக் குறைந்திருக்கிறதாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தலையை ஸ்கேன் செய்தார்கள், அதுவும் சுத்தம். வலிப்புக்கு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்.

இரண்டு நாளாக அவள் தமிழ் பேசவில்லை. வங்காளிதான். அதிலும் பாதி எனக்கு விளங்கவில்லை. நேற்று என் முகத்தைப் பார்த்து, "மாஷிமா, என் அம்மா எங்கே?" என்று கேட்டாள். மாஷிமா என்றால் இங்கே வேற்று வீட்டுப் பெரியம்மாக்களைக் கூப்பிடுவது. நான் என்ன பதில் சொல்வது?

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். நம் வீட்டில் யாருக்காவது வலிப்போ, மூளைக் கோளாறோ இருந்ததா என்று. எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். உங்களுக்குத்தான் பழையது தெரியும். யாருக்காவது இருந்ததா? மறக்காமல் எழுதுங்கள்.

வசு


உடுமலைப்பேட்டை
22.8.2023

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள். சாய்பிரியா குணமாகி வர வேண்டும் என்று தினமும் வேண்டுகிறோம். டாக்டர் சொல்கிற மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் கொடு. வலிப்பு என்று வெளியே யாரிடமும் சொல்லாதே. பெண் பிள்ளை. ஒருமுறை பெயர் விழுந்தால் போகாது.

பூங்கோதைக்கு ஆவணி இருபத்தைந்தாம் தேதி நிச்சயதார்த்தம். தையில் கல்யாணம். நீ வர முடியாது என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியுமா? அவள் அத்தை அத்தை என்று உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே மழை இல்லை. தென்னை காய்ப்பு குறைவு. அண்ணிக்கு இப்போது இடது முழங்காலும் பிடித்துக்கொண்டது.

உன் உடம்பையும் பார்த்துக்கொள் அம்மிணி. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
இராஜமாணிக்கம்


டாலிகஞ்ச்
6.9.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடக்கட்டும். பூங்கோதைக்கு என் ஆசி. அண்ணியின் காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

நர்சிங் ஹோமிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிப்பு நின்றது, வலி நிற்கவில்லை. மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள். இன்னும் மோசம். வேறு ஒன்று சேர்த்தார்கள். கை நடுங்கத் தொடங்கியது. மருந்து கொடுக்கக் கொடுக்கக் கூடும் வியாதி உண்டா அண்ணா? டாக்டரிடம் இதைக் கேட்டேன். "டோஸ் இன்னும் போதவில்லை" என்றார். பிறகு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் பாவம், ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "இந்தப் பெண் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் என்னவென்றும் தெரியவில்லை" என்றார். ஆறு மாதத்தில் தெரியவில்லை என்று சொன்ன ஒரே டாக்டர் அவர்தான்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. போன திங்கட்கிழமை, கால் எழவில்லை என்றாள். "முந்தாநாள் நடந்தாயே, இன்று என்ன? போதும் உன் நடிப்பு" என்று மாப்பிள்ளை கத்தினார். அவர் யார்டுக்குப் போனபின் நான் கையைப் பிடித்து எழுப்பினேன். "மா, முடியலை மா" என்றாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, கன்னத்தில் அறைந்துவிட்டேன். பிடி நழுவி விழுந்தாள். விழுந்தவள் எழ முடியாமல் கிடந்தாள். அப்போதும் ஒரு நிமிஷம் நான் நம்பவில்லை அண்ணா. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இங்கே என் கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டார்கள். ஓர் அண்ணன், ஓர் அக்கா, அக்கா இருபது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்றேன். ஏன் மஞ்சள் காமாலை வந்தது, என்ன வைத்தியம் செய்தீர்கள் என்றார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது, என்ன தெரியும்? சுந்தரவல்லி அக்காவுக்கு என்ன ஆனது என்று விவரமாக எழுதுங்கள்.

வசு


பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
23.9.2023

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினேழு நாளாகக் கடிதம் இல்லை. போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார்கள். நீங்கள் தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மூன்று தடவையும் தோட்டம்தான்.

வார்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சாய்பிரியாவின் மூத்திரத்தை ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆயாம்மா மூத்திரம் சேர்த்த பாட்டிலை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். காலையில் சாதாரணமாகத்தான் இருந்தது. மாலையில் பார்த்தால் கறுஞ்சிவப்பு. கடும் டீ டிகாஷன் மாதிரி. ரத்தம் என்று நினைத்து நான் அலறிவிட்டேன்.

தேப்ஜானி என்று ஒரு சின்ன டாக்டரம்மா. படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட இருக்காது. அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நின்றுகொண்டே படித்தாள். பிறகு என்னிடம், "மாசாமாசம் தேதிக்கு முன்னால்தானே வலி வரும்? பட்டினி கிடந்தால் கூடுமா?" என்றாள். விரதத்தைச் சொன்னேன். "வலிப்பு மாத்திரை ஆரம்பித்தபின்தானே கால் போனது?" என்றாள். ஆமாம் என்றேன்.

அன்றே அந்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் வாதாடினாள். அவர் தயங்குகிறார். நிறுத்தி வலிப்பு வந்தால் யார் பொறுப்பு என்கிறார். குளுக்கோஸ் மட்டும் ஏற்ற ஒப்புக்கொண்டார். புதிதாக எடுத்த மூத்திரத்தை வெளிச்சம் படாமல் கறுப்புத்தாள் சுற்றி வேறு ஊர் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வருவதற்கு நாளாகும்.

தேப்ஜானி என்னிடம் மறுபடி மறுபடி கேட்டது இதுதான்: "உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில், வயிற்று வலி வந்து, புத்தி மாறி, கை கால் விழுந்து யாராவது இறந்தார்களா? அப்படி ஒருவர் இருந்தார் என்றால் நான் சாரிடம் தைரியமாகப் பேசுவேன்."

ஒரு வரி போதும் அண்ணா. ஆமாம் அல்லது இல்லை.

வசு


உடுமலைப்பேட்டை
3.10.2023

தங்கைக்கு,

நலம். நிச்சயதார்த்த வேலையில் எழுத முடியவில்லை.

அது மஞ்சள் காமாலைதான். நாற்பது வருஷத்துக்கு முந்தியதைக் கிளறி ஒன்றும் ஆகப்போவதில்லை. பூங்கோதைக்கு இதையெல்லாம் போனில் சொல்ல வேண்டாம்.

சாய்பிரியாவுக்கு எங்கள் ஆசி.

இராஜமாணிக்கம்


டாலிகஞ்ச்
21.10.2023

அண்ணாவுக்கு,

இன்று இங்கே துர்கா பூஜை சப்தமி. தெருவெல்லாம் பூஜைப் பந்தல். மேளச் சத்தத்தில் யோசித்து எழுத முடியவில்லை. இருந்தாலும் இது இன்றே போக வேண்டும்.

லேப் முடிவு வந்துவிட்டது. நோயின் பெயர் போர்ஃபிரியா. தேப்ஜானி ஒரு பேப்பரில் படம் போட்டு எனக்கு விளக்கினாள். ரத்தத்துக்குச் சிவப்பைத் தருகிற சத்தை உடம்பு படிப்படியாகத் தயாரிக்குமாம். இவளுக்கு நடுவில் ஒரு படி பழுது. அரைகுறையாக நிற்கிற சரக்கு விஷமாகி நரம்பைத் தாக்குகிறது. வயிற்று நரம்பைத் தாக்கினால் வலி, மூளையைத் தாக்கினால் குழப்பம், கால் நரம்பைத் தாக்கினால் நடக்க முடியாது. ஸ்கேனில் தெரியாது. பட்டினி கிடந்தால் கிளம்பும். சில மருந்துகள் பட்டால் கொழுந்துவிட்டு எரியும். வலிப்புக்கு அவர்கள் கொடுத்தது அதில் ஒன்று. விரதம் நான் கொடுத்தது.

இப்போது அந்த மாத்திரை எதுவும் இல்லை. வலிப்புக்கு வேறு மருந்து மாற்றியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஊசி மருந்தை நான்கு நாள் ஏற்றினார்கள். இரண்டாம் நாளே வலி இறங்கிவிட்டது. கால் மெதுவாகத்தான் வரும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ என்கிறார்கள். முழுக்க வருமா என்றால் பெரிய டாக்டர் கையை விரிக்கிறார். தேப்ஜானி மட்டும் வரும் என்கிறாள்.

மாப்பிள்ளை வார்டில் யார்டு உடுப்போடு வந்து நின்று, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். அவள், "டீக் ஆச்சே பாபா" என்றாள். பரவாயில்லை அப்பா என்று அர்த்தம். அவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் இன்னும் கேட்கவில்லை. அறைந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருவது. மாப்பிள்ளையிடமிருந்து வந்திருக்கலாம், என்னிடமிருந்து வந்திருக்கலாம். இருவருக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். என்னிடமிருந்து என்றால், உங்களிடமும் இருக்கலாம். உங்களுக்கு ஒன்றும் செய்யாமல் உங்கள் வழியாகப் பூங்கோதைக்குப் போயிருக்கலாம். எனக்கும் ஒன்றும் செய்யவில்லையே.

பூங்கோதையைப் பட்டினி போடாதீர்கள். இத்துடன் ஆகாத மருந்துகளின் பட்டியலை வைத்திருக்கிறேன். தேப்ஜானி கைப்பட எழுதியது. கல்யாணத்துக்காக மாதத் தேதியைத் தள்ளிப்போட மாத்திரை கொடுப்பார்களே, அதுவும் அதில் இருக்கிறது. அதை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அக்காவைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன்.

வசு


கோயமுத்தூர்
9.11.2023

அம்மிணி வசுவுக்கு,

எல்லோரும் நலம் என்று வழக்கம்போல் எழுத முடியாது. பூங்கோதை இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பயப்படாதே, உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நிச்சயதார்த்தத்தன்று அவளுக்கு மாதத் தேதி வரும்போலிருந்தது. உன் அண்ணி மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்ட மூன்றாம் நாள், நிச்சயதார்த்தத்தன்றே வயிற்று வலி. சபையில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், உள்ளே வந்து சுருண்டாள். உன் செப்டம்பர் ஆறாம் தேதிக் கடிதம் வந்தபோது அவள் பக்கத்து அறையில் வலியில் படுத்திருந்தாள். நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அப்புறம் சரியாகிவிட்டது. ஐப்பசியில் சஷ்டி விரதத்துக்கு ஒத்திகை என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். மறுபடி வந்தது. அதற்கு முன்பே உன் கடிதமும் பட்டியலும் வந்திருந்தன. அலமாரியில் வைத்திருந்தேன். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் அவள் அம்மா, "என்னடி, கல்யாணம் பிடிக்காம நடிக்கிறியா?" என்றாள். அந்த வார்த்தை என் காதில் தெளிவாக விழுந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு கார் பிடித்துக் கோயமுத்தூர் வந்துவிட்டேன். டாக்டர் முதல் பக்கம் படித்ததும் குளுக்கோஸ் போடச் சொன்னார். மூத்திரம் கறுப்புத்தாள் சுற்றிப் போயிருக்கிறது.

இனி சொல்லாமல் இருக்க முடியாது.

சுந்தரவல்லிக்கு மஞ்சள் காமாலை வரவில்லை. பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தோம். மூன்றாம் மாதத்திலிருந்து வயிற்று வலி. புருஷன் வீட்டில் வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நம் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். அவளுக்கும் வலிப்பு வந்தது. டாக்டர் வலிப்பு மாத்திரைதான் கொடுத்தார். அப்புறம் கண்டபடி பேச ஆரம்பித்தாள். அப்பாவைப் பார்த்து யாரோ என்று பயந்தாள். பேய் என்றார்கள். புத்தி மாறியவர்களை வைத்துக்கொள்ளும் ஒரு கோயில் மண்டபம் இருந்தது. அங்கே நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைக் கஞ்சியோடு இருந்தால் தெளியும் என்றார்கள். கூட்டிக்கொண்டு போனது நான். எனக்கு இருபத்திரண்டு வயது.

தூணோடு கட்டினார்கள். அப்போது அவளுக்கு நல்ல தெளிவு. "அண்ணா, நான் நடிக்கலை. என்னை விட்டுட்டுப் போகாதே" என்றாள். மில்லில் இரண்டாவது ஷிப்ட் இருந்தது. போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. பதினோராம் நாள் ஆள் வந்து சொன்னார்கள். கை கால் விழுந்து, கடைசியில் மூச்சும் நின்றுவிட்டதாம். கட்டு அவிழ்த்துத்தான் இருந்ததாம். எழுந்து போக முடியாதவளை எதற்குக் கட்ட வேண்டும்?

உன் கல்யாணம் கெடக் கூடாதென்றுதான் அப்பா மஞ்சள் காமாலை என்று சொல்லச் சொன்னார். பூங்கோதை கல்யாணம் கெடக் கூடாதென்று நான் அதையே உனக்குச் சொன்னேன். நீ ஒரு வரி கேட்டாய். அதை எழுதியிருந்தால் சாய்பிரியாவுக்கு எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். போட முடியவில்லை.

நீ இனி எனக்கு எழுத வேண்டாம் என்றாலும் சரிதான். பூங்கோதைக்கு மட்டும் எழுது.

இராஜமாணிக்கம்


டாலிகஞ்ச்
27.11.2023

அண்ணாவுக்கு,

பூங்கோதை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அண்ணி சொன்னார்கள். நிம்மதி. சாய்பிரியா இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நான்கு அடி வைக்கிறாள்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. கோபமா என்றால் கோபம்தான். சமையலறையில் பாத்திரத்தை எறிந்தேன். மறுநாள் உங்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதானே என்று தோன்றியது. அதற்கு மறுநாள், இப்போது அறுபத்துநான்கு ஆயிற்றே என்று தோன்றியது. எதில் நிற்பது என்று எனக்கே புரியவில்லை. அதனால் எதையும் முடிவு செய்யாமல் எழுதுகிறேன்.

என் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. என்னிடமிருந்துதான். நான் சுமந்துகொண்டிருந்து, எனக்கு ஒரு தலைவலிகூடத் தராமல், அவளுக்குப் போயிருக்கிறது.

அக்கா விஷயத்தைச் சாய்பிரியாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "மா, நீ என்னை அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். நான் அவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவளும் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்க முடியாததாலா, வேண்டாமென்றா என்று தெரியவில்லை.

பூங்கோதை விஷயத்தை ஷ்யாம் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். இதை நான் புத்திமதியாகச் சொல்லவில்லை.

எழுதுங்கள். நானும் எழுதுவேன்.

வசு


உடுமலைப்பேட்டை
30.1.2024

அன்புள்ள அத்தைக்கு,

பூங்கோதை. நீங்களும் மாமாவும் சுகமா? சாய்பிரியா வாக்கர் இல்லாமல் வராந்தா முழுக்க நடந்த வீடியோவை இருபது தடவை பார்த்தேன். அப்பா எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே எழுந்துவிடுகிறார். அதனால் இந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன்.

எனக்கும் அதேதான் என்று உறுதியாகிவிட்டது. சாப்பாட்டு வேளை தவறக் கூடாது. எந்த மாத்திரை வாங்கினாலும் பட்டியலைக் காட்ட வேண்டும். மறுபடி எப்போது வரும் என்று டாக்டரைக் கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். குழந்தை பெறலாமா என்றேன். "பெறலாம், கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம், பாதிக்குப் பாதி அதற்கும் போகலாம்" என்றார். எல்லாக் கேள்விக்கும் லாம் லாம் என்றே பதில் வருகிறது அத்தை.

தையில் கல்யாணம் இல்லை. ஷ்யாமிடம் நானே சொன்னேன். எல்லாம் சொன்னேன், சுந்தரவல்லி அத்தை உட்பட. அவர் அம்மா முகம் மாறிவிட்டது. ஷ்யாம் என்னைத் தனியாகப் பார்த்து, "எனக்குப் பயமா இருக்கு. பங்குனி வரைக்கும் யோசிக்க டைம் கொடு" என்றார். பயம் என்று சொன்னது பிடித்திருந்தது. "சரி, எனக்கும் யோசிக்கணும்" என்றேன். அதை எதற்குச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். ஆனால் நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் கோயமுத்தூரில் மரபு நோய் டாக்டரம்மாவிடம் போனோம். ஒரு பெரிய தாளில் குடும்பப் படம் வரைகிறார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவிடம், "கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். வழக்கம்போல அம்மாதான் முந்திக்கொண்டு, "ஒரே தங்கச்சிங்க, கல்கத்தாவுல" என்றாள்.

அப்பா, "ரெண்டுங்க" என்றார்.

"இன்னொருத்தர் உயிரோட இருக்காங்களா?"

"இல்லீங்க. இருபது வயசுல போயிட்டா."

"எதனால?"

அப்பா நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டார். "இதே நோவுதானுங்க. அவ சொன்னா. நாங்கதான் நம்பலை" என்றார்.

அந்தம்மா உங்கள் வட்டத்துக்கும் அப்பாவின் கட்டத்துக்கும் நடுவே இன்னொரு வட்டம் போட்டு, கறுப்பாக நிரப்பி, குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கறுப்பு என்றால் நோய், கோடு என்றால் இறந்துவிட்டார்கள் என்று அர்த்தமாம். படத்தில் பெயர் எழுதுவதில்லை, எண்தான் போடுவோம் என்றார். அப்பா அவரிடமிருந்து பேனாவைக் கேட்டு வாங்கினார். வட்டத்துக்குக் கீழே இடம் கொஞ்சமாகத்தான் இருந்தது. எழுத்து எழுத்தாக, சுந்தரவல்லி என்று எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

சாய்பிரியாவுக்கு என் முத்தம். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள்,
பூங்கோதை